மூளை, மனம், எபிஜெனடிக்ஸ்: கொழும்புப் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மரபணுப் பாடம் நடக்கும் நாட்களில் மாணவர்கள் கேட்பதைவிட, அவர்களைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும் அம்மாமாரும் அப்பாமாரும் கேட்பதுதான் கூட. 'எபிஜெனடிக்ஸ்' என்ற பெயர் யூடியூப்பில் அடிபடத் தொடங்கிய பிறகு கேள்விகளோடு பயமும் சேர்ந்து வருகிறது. நாங்கள் பட்டதெல்லாம் பிள்ளைகளின் மூளையில் பதிந்துவிட்டதா என்ற பயம்தான் அதில் பெரிது. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு, கேட்ட மாதிரியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்து, சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டொக்டரோடு கதைத்து எடுங்கள்.

எபிஜெனடிக்ஸ் என்றால் என்ன? விளங்கும்படி சொல்லுங்கள்.

தோல், ஈரல், மூளை என்று எந்தக் கலத்தை எடுத்தாலும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். புரதம் செய்யும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000 உண்டு. ஆனாலும் ஈரல் கலம் ஈரலாகவே இருக்கிறது, நரம்புக் கலம் நரம்பாகவே இருக்கிறது. எந்தக் கலத்தில் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இரசாயன ஏற்பாடுகள் டி.என்.ஏ.யின் மேல் இருக்கின்றன. அவை எழுத்துகளை மாற்றுவதில்லை, வாசிப்பை மாற்றுகின்றன. அந்த ஏற்பாடுகளைப் பற்றிய படிப்புத்தான் எபிஜெனடிக்ஸ். 1942இல் இந்தப் பெயரை வைத்தவர் பிரித்தானிய உயிரியலாளர் கொன்ராட் வாடிங்டன்.

இரண்டு ஏற்பாடுகளைத் தெரிந்துகொண்டால் மிச்சத்தை விளங்கிக்கொள்ளலாம். முதலாவது மெத்தைல். ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் சேர்ந்த சிறு கூட்டம் அது. டி.என்.ஏ.யின் சைற்றோசின் என்ற எழுத்தில் போய் ஒட்டும். ஒரு மரபணு தொடங்கும் இடத்தில் இப்படி நிறைய ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது ஹிஸ்டோன் என்ற புரதம். ஒரே கலத்தின் டி.என்.ஏ.யை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். நூற்கட்டையில் நூல் சுற்றுவதுபோல அது ஹிஸ்டோன்களில் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகினால் அந்த இடத்து மரபணுவை வாசிக்க முடியாது, தளர்ந்தால் வாசிக்கலாம். அசெட்டைல் என்ற இன்னொரு கூட்டம் ஹிஸ்டோனில் ஒட்டும்போது சுற்றுத் தளர்கிறது.

அதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

தோல் கலங்கள் செத்துப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். மூளையின் நரம்புக் கலங்கள் அப்படி இல்லை. சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்களில் பெரும்பாலானவை நாம் பிறந்ததிலிருந்து கடைசிவரை நம்மோடேயே இருப்பவை. பிரிந்து பெருகாத கலம் மாறும் வாழ்க்கைக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைத்துத்தான் ஆகவேண்டும். அந்த வேலையில் எபிஜெனடிக் அடையாளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த அடையாளங்களை வாசிக்கும் ஒரு புரதம் பழுதானால் என்ன நடக்கும் என்பதற்கு ரெட் நோய்க்குறி ஓர் உதாரணம். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வருவது. ஆறு மாதம், ஒரு வயது வரை சாதாரணமாக வளரும் குழந்தை, பழகிய பேச்சையும் கைவேலையையும் இழக்கத் தொடங்கும். மெத்தைல் ஒட்டிய டி.என்.ஏ.யில் போய்ச் சேரும் எம்.இ.சி.பி.2 என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிழைதான் காரணம் என்று 1999இல் ஹூடா ஸோக்பியின் குழு கண்டுபிடித்தது. 2007இல் ஏட்ரியன் பேர்டின் குழு எடின்பரோவில், நோய் முற்றிய சுண்டெலிகளில் அந்த மரபணுவைத் திரும்ப வேலை செய்ய வைத்தது. நடக்கவே சிரமப்பட்ட சுண்டெலிகள் தேறின. வளர்ந்த மூளையில் இனி ஒன்றும் திருத்த முடியாது என்று நம்பியிருந்தவர்களை அது உலுக்கிவிட்டது.

டீச்சர், நாங்கள் பாடமாக்குவதும் எபிஜெனடிக்ஸா?

ஒரு பகுதி ஆம். 2007இல் கோர்ட்னி மில்லர், டேவிட் ஸ்வெட் என்ற இரு ஆய்வாளர்கள், பயத்தைப் பழகிக்கொள்ளும் எலிகளின் ஹிப்போகாம்பசில் (நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி) மெத்தைல் அடையாளங்கள் சில மணித்தியாலங்களுக்குள் மாறுவதைக் காட்டினார்கள். மெத்தைலை ஒட்டவைக்கும் நொதியைத் தடுத்தபோது அந்த நினைவு நிலைக்கவில்லை. ஆனால் நினைவு என்பது கலங்களுக்கிடையிலான இணைப்புகளிலும் இருக்கிறது. 'எபிஜெனடிக்ஸ்தான் நினைவு' என்று பரீட்சையில் எழுதிவிட வேண்டாம்.

எல்லோரும் ஒரு எலிப் பரிசோதனையைச் சொல்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். மனநலம் பற்றிய எபிஜெனடிக்ஸ் பேச்சில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி என்ற நரம்பியல் ஆய்வாளரும் மோஷே ஷீஃப் என்ற மெத்தைல் ஆய்வாளரும் சேர்ந்து செய்த வேலை இது. 2004இல் வெளிவந்தது. தாய் எலிகளில் சில தம் குட்டிகளை ஓயாமல் நக்கிச் சீராட்டும். சில அவ்வளவு செய்யாது. நிறைய நக்கப்பட்டு வளர்ந்த குட்டிகள் பெரிதான பிறகு பதற்றம் குறைந்தவையாக இருந்தன. ஏன் என்று மூளையைப் பார்த்தார்கள்.

நெருக்கீடு வரும்போது உடம்பு ஒரு ஹோர்மோனைச் சுரக்கும். எலியில் அது கோர்ட்டிகோஸ்டெரோன், நமக்குக் கோர்ட்டிசோல். ஹிப்போகாம்பசில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்து, 'போதும், நிறுத்து' என்று செய்தி அனுப்பும். ஏற்பிகள் அதிகமாக இருந்தால் பதற்றம் சீக்கிரம் அடங்கும். சீராட்டப்படாத குட்டிகளில் இந்த ஏற்பியின் மரபணு தொடங்கும் இடத்தில் மெத்தைல் கூடுதலாக ஒட்டியிருந்தது, அதனால் ஏற்பிகள் குறைவு. இந்த வித்தியாசம் பிறந்து முதல் ஒரு வாரத்திற்குள் உண்டாகி, வளர்ந்த பிறகும் நீடித்தது.

பிறவிக் குணமாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் கேட்டார்கள். குட்டிகளைப் பிறந்தவுடன் மாற்றி வைத்தார்கள். சீராட்டாத தாய்க்குப் பிறந்த குட்டி, சீராட்டும் தாயிடம் வளர்ந்தபோது வளர்த்த தாயின் குட்டிகளைப் போலவே ஆனது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வளர்ந்துவிட்ட எலியின் மூளைக்குள், ஹிஸ்டோன் சுற்றைத் தளர்த்தும் ஒரு மருந்தைச் செலுத்தியபோது அந்த அடையாளம் மாறியது, நெருக்கீட்டுக்கு அது காட்டிய எதிர்வினையும் மாறியது. சிறு வயதில் பதிந்தது பெரிய வயதிலும் மாறக்கூடியதாக இருந்தது. யூடியூப்பில் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அது எலி. மனிதரில் ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வேறு தரத்தில். உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. 2009இல் பற்றிக் மெக்கோவன், மீனி, ஷீஃப் ஆகியோரின் குழு இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தது. சிறுவயதில் துன்புறுத்தப்பட்டுத் தற்கொலையால் இறந்த 12 பேர், அப்படித் துன்புறுத்தப்படாமல் தற்கொலையால் இறந்த 12 பேர், வேறு காரணத்தால் இறந்த 12 பேர். எலியில் பார்த்த அதே ஏற்பியின் மரபணுவில், முதல் குழுவினருக்கு மட்டும் மெத்தைல் கூடியிருந்தது. பொருந்தி வருகிறது. ஆனால் 36 மூளைகளை வைத்து ஒரு சமுதாயத்துக்கே சாத்திரம் சொல்ல முடியாது.

பெரிய அளவில் கிடைத்த ஆதாரம் பட்டினியிலிருந்து வந்தது. 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகள் உணவை மறித்ததால் மேற்கு நெதர்லாந்தே பட்டினி கிடந்தது. அந்த மாதங்களில் கருவானவர்களைச் சுமார் 60 வருடங்களுக்குப் பிறகு, பட்டினிக் காலத்தில் கருவாகாத அவர்களின் சகோதரர்களோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் மெத்தைல் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினியைக் கண்ட பிள்ளைகளில் அது இல்லை. பட்டினியின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்தது. 1959–61 சீனப் பஞ்சத்திலும் அதே இரண்டு மடங்கு. ஆனாலும் மெத்தைல்தான் அந்த நோயைக் கொண்டுவந்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே பட்டினியின் பின்னால் வந்தவை, அவ்வளவுதான்.

83 கலவரத்தில் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அகதி முகாமில் இருந்தா. பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பட்டாசு வெடித்தால் கை நடுங்கும். இப்போது என் மகளும் அப்படித்தான். இது இரத்தத்தில் இறங்கி வந்ததா?

இந்தக் கேள்வி ஒரு ஆளுடையது இல்லை, அக்கா. வெவ்வேறு வருடத்தைச் சொல்லி, வெவ்வேறு ஊரைச் சொல்லி, பலர் கேட்டிருக்கிறார்கள். 2009 என்று சொல்பவர்கள் உண்டு. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்தபோது கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போயிருந்த குடும்பங்களும் உண்டு.

முதலில் உங்கள் சொந்த விஷயம். நீங்கள் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தீர்கள், ஆகவே அம்மாவின் நெருக்கீட்டு ஹோர்மோனும் சாப்பாட்டுக் குறைவும் உங்களை நேரடியாகத் தொட்டிருக்கலாம். அதைப் பரம்பரை என்று சொல்ல மாட்டோம், நேரடி அனுபவம் என்றுதான் சொல்வோம். இன்னொன்று, பெண் குழந்தையின் கருமுட்டைகள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் உருவான முட்டையும் 83இல் அந்த முகாமில் இருந்தது. அம்மா, நீங்கள், மகள் மூவரையும் ஒரே சம்பவம் ஒரே நேரத்தில் தொட வழி இருந்தது.

வழி இருந்தது என்பதால் பதிந்துவிட்டது என்று ஆகாது. கரு உருவாகும்போது மெத்தைல் அடையாளங்களில் பெரும்பகுதி துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. முட்டையும் விந்தும் உருவாகும் கட்டத்தில் இன்னொரு முறை துடைக்கப்படுகிறது. இந்த இரண்டையும் தாண்டி ஓர் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் போவது மனிதரில் இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. சுண்டெலியில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. 2014இல் பிரையன் டியாஸ், கெரி ரெஸ்லர் இருவரும் ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்து ஆண் சுண்டெலிகளைப் பயப்பட வைத்தார்கள். அந்த வாசனையை அறியாத மகன்களும் பேரன்களும் அதற்குத் துணுக்குற்றன. சுண்டெலிக்கு அப்படி. நாம் பிள்ளைகளோடு பேசுகிறோம், அழுகிறோம், சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறோம். பிள்ளை அதையும் பார்த்துத்தான் வளர்கிறது.

ரேச்சல் யெஹூடாவின் 2016 ஆய்வையும் காட்டுவார்கள். நாஸி இனப்படுகொலையில் தப்பிய 32 பேரையும் அவர்களின் பிள்ளைகள் 22 பேரையும் ஆராய்ந்து, நெருக்கீட்டோடு தொடர்புடைய எஃப்.கே.பி.பி.5 என்ற மரபணுவில் இரு தலைமுறையிலும் மாற்றம் கண்டார். ஆனால் பெற்றோரில் மெத்தைல் கூடியும் பிள்ளைகளில் குறைந்தும் இருந்தது. ஒரே அடையாளம் அப்படியே கைமாறியது என்று சொல்ல அது இடம் தரவில்லை. 2025இல் வெளிவந்த சிரிய அகதிக் குடும்பங்களின் ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 48 குடும்பங்கள், மூன்று தலைமுறை. சிரியாவின் ஹமா நகரில் 1982இல் நடந்த படுகொலையின்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் பேரப்பிள்ளைகளில், டி.என்.ஏ.யின் 14 இடங்களில் மாற்றம் தெரிந்தது. அந்த மாற்றம் பேரப்பிள்ளைகளின் உடலையோ மனதையோ பாதிக்கிறதா என்பது அந்த ஆய்வில் காட்டப்படவில்லை.

ஆகவே உங்கள் மகளுக்குச் சாபம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவளுடைய நடுக்கம் உண்மையானது, சிகிச்சைக்குப் பதில் சொல்லக்கூடியது. பெரும்பாலும் அது உங்கள் நடுக்கத்தைப் பார்த்துப் பழகியதாக இருக்கலாம், அப்படியென்றால் நீங்கள் உங்களுக்கு உதவி எடுப்பதே அவளுக்கும் பாதி மருந்து. வீட்டில் 83 பற்றிக் கதைக்காமல் மூடி வைத்திருக்கிறீர்கள் என்றால், வயதுக்கு ஏற்ற அளவில் அவளுக்குச் சொல்லுங்கள். காரணம் தெரியாத பயம்தான் பிள்ளைக்குப் பெரிய பாரம்.

2022இல் கேஸ் கியூவிலும் கரண்ட் கட்டிலும் நான் கர்ப்பமாக இருந்தேன். ஒவ்வொரு நாளும் அழுதேன். பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?

இல்லை, தங்கச்சி. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் ஒரு பனிப்புயல் அடித்து லட்சக்கணக்கானோர் வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் இருந்தார்கள். அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை சூஸான் கிங்கின் குழு தொடர்ந்து பார்த்து வந்தது. அந்தப் பிள்ளைகளில் 36 பேரின் 13ஆவது வயதில் இரத்தத்தை ஆராய்ந்தபோது, மெத்தைல் மாற்றங்கள் எத்தனை நாள் மின்சாரம் இல்லை போன்ற வெளிக் கஷ்டத்தோடு பொருந்தின. அம்மா எவ்வளவு மனம் வருந்தினா என்பதோடு பொருந்தவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் 'நீ அழுததால்தான்' என்று உங்கள் மேல் விரல் நீட்டுபவர்களுக்கு அது நல்ல பதில்.

கஷ்டத்தைக் கொடுத்தது காலம். அதைக் குறைக்கும் பொறுப்பு கணவனுக்கும் மாமியாருக்கும் வேலைத்தலத்துக்கும் அரசாங்கத்துக்கும் உண்டு. கர்ப்பிணியை 'சந்தோஷமாக இரு' என்று அதட்டுவதில் ஒரு பலனும் இல்லை. கிளினிக்கில் தரும் ஃபோலிக் அமிலத்தையும் திரிபோஷா சத்துமாவையும் விடாமல் எடுங்கள். மெத்தைல் கூட்டங்களைச் செய்ய உடம்புக்கு ஃபோலேட் வேண்டும், அதைவிட முதலாவதாகக் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க அது வேண்டும். கூடுதலாகப் போட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகும் என்று நினைத்து அளவை மீற வேண்டாம்.

ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் மனநோய் வருவது எப்படி?

ஒத்த இரட்டையரின் டி.என்.ஏ. ஒன்று. ஆனாலும் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் அது இருப்பது பாதிக்குப் பாதி, அல்லது அதற்கும் குறைவு. 2005இல் ஸ்பெயினில் 40 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். சின்ன வயதுச் சோடிகளில் எபிஜெனடிக் அடையாளங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. வயது போனவர்களில், அதுவும் வேறு வேறு இடங்களில் வாழ்ந்தவர்களில், நன்றாகவே விலகியிருந்தன.

நம் ஊரில் இதற்கு ஒரு பெருமை உண்டு. கொழும்பு மாவட்டத்தில் சுமார் 4,000 இரட்டையரையும் 2,000 தனியரையும் கொண்டு, பேராசிரியர் அதுல சுமதிபாலவும் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் மனநலத்தை ஆராய்ந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளிலிருந்தே வருகின்றன. இங்குள்ளவர்களின் வாழ்க்கையை வைத்துக் கேட்பதற்கு அந்தப் பதிவேடு ஒரு அத்திவாரம்.

மகனுக்குக் கலியாணம் பேசி வருகிறது. பெண்ணின் தகப்பனுக்கு மனச்சிதைவு. எபிஜெனடிக்ஸ்படி சம்மதிக்கலாமா?

பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 10 சதவீதம் அளவு. அதாவது 10 பேரில் 9 பேருக்கு வராது. பொதுவாக எவருக்கும் அது ஒரு சதவீதத்துக்குக் கிட்ட. பெண்ணின் குணம், படிப்பு, இருவரின் மனப்பொருத்தம் இவற்றைப் பாருங்கள். நோயை மறைக்காமல் சொன்ன குடும்பம் நேர்மையான குடும்பம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஒன்லைனில் எபிஜெனடிக் டெஸ்ட் விற்கிறார்கள். செய்தால் மனச்சோர்வு வருமா என்று தெரியுமா?

தெரியாது. காசை மிச்சம் பிடியுங்கள். அந்த டெஸ்ட்டுக்கு எச்சிலோ இரத்தமோ எடுப்பார்கள். எபிஜெனடிக் அடையாளம் கலத்துக்குக் கலம் வேறுபடுவது என்று மேலே சொன்னேன். கன்னத்துக் கலத்தைப் பார்த்து ஹிப்போகாம்பசில் நடப்பதைச் சொல்ல முடியாது. ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் 353 இடங்களின் மெத்தைலை வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அது நல்ல விஞ்ஞானம். ஆனால் அதைக் காட்டி, 'உங்கள் மூளைக்கு வயது 58, இந்த மாத்திரையை வாங்குங்கள்' என்பது வியாபாரம்.

எபிஜெனடிக்ஸை மாற்றும் மருந்து இருக்கிறதா?

மனநோய்க்கென்று அந்த நோக்கத்தில் செய்த மருந்து இன்னும் இல்லை. ஆனால் வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் நெடுநாளாகக் கொடுக்கும் வல்புரோவேட், ஹிஸ்டோன் சுற்றைத் தளர்த்தும் திறன் உள்ளது என்று 2001இல் தெரியவந்தது. நோய் குணமாவது அதனால்தானா என்பது வேறு கேள்வி. கர்ப்பத்தில் வல்புரோவேட் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. அதை எடுக்கும் பெண்கள் கருத்தரிக்க யோசிக்கும்போதே டொக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

உடற்பயிற்சி, தியானம், சாப்பாடு, இவற்றால் அடையாளம் மாறுமா?

சிகரெட்டை விட்டால் மாறுகிறது, அதற்குத் தெளிவான ஆதாரம் உண்டு. புகைப்பவர்களின் இரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் மெத்தைல் குறையும், விட்டபின் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். ஓட்டத்தால் எலியின் மூளையில் மாற்றம் வருவதும் தெரியும். தியானம், மஞ்சள், நெல்லிக்காய் பற்றிப் பரவும் வீடியோக்கள் ஆதாரத்தை மிஞ்சிப் பேசுகின்றன. காலிமுகத்திடலில் மாலையில் நடங்கள். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவுவது மெத்தைலைப் பார்க்காமலே நிரூபிக்கப்பட்ட விஷயம்.

சரி, உதவி வேண்டுமென்றால் எங்கே போவது?

அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926, 24 மணி நேரமும் எடுக்கலாம். அங்கொடை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிநோயாளர் கிளினிக்குக்குப் போய் மருந்தோடு அன்றே வீடு திரும்புபவர்கள் நிறையப் பேர். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மனநலக் கிளினிக் உண்டு. இரண்டும் இலவசம். மனம் விட்டுக் கதைக்க மட்டும் ஒரு ஆள் வேண்டுமென்றால் ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அப்போதே 1926க்கு அடியுங்கள், அல்லது கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தமிழில் கதைக்க வேண்டுமென்றால் முதலிலேயே கேளுங்கள், அது உங்கள் உரிமை. போகும்போது குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது, எந்த வருடம் என்ன நடந்தது, கர்ப்ப காலம் எப்படிப் போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த எபிஜெனடிக் டெஸ்ட்டையும்விட அந்தத் தாள் டொக்டருக்கு உதவும்.